பாய்க்கயிறும் தொழிலறிவும்: வல்வெட்டித்துறை தொடர்பான ஒரு குறிப்பு

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவருடைய மனைவியின் பெயரால் ‘புளொறன்ஸ் சி. றொபின்சன்’ என மாற்றப்பட்ட அக்கப்பல் 1938ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் அதிற் சென்றனர். இந்நிகழ்ச்சி ஊர்ப் பெருமையாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அக்கடலோடிகளின் அறிவு எத்தகையது என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளின் இழுவிசையை விளங்கிக்கொண்டால் இதற்கு ஓரளவு விடை காணலாம்.

இன்றைய பந்தயப் படகுகளுள் ‘கற்றமறான்’ எனப்படுவது இவ்விசையைத் தெளிவாகக் காட்டுகின்றது. அதன் பெயர் ‘கட்டுமரம்’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு. ஆயினும் நமது கட்டுமரம் பிணைத்த மரங்களாலானது; பந்தயப் படகோ குறுக்குச் சட்டங்களால் இணைக்கப்பட்ட இரு உடல்களைக் கொண்டது. ஓருடற் படகு காற்று மிகும்போது ஒருபுறம் சரிந்து, விசையின் ஒரு பகுதியைத் தவிர்த்துவிடும். இரட்டையுடற் படகு எளிதிற் சரிவதில்லை. ஆகவே காற்றின் வேகம் பாய்மரத்தின்மீதும், அதனை முன்னும் பக்கங்களிலும் பிடித்து நிற்கும் கயிறுகளின்மீதும் நேரே தாக்குகின்றது.

முன்கயிற்றிலேயே ‘ஜிப்’ என்னும் முக்கோண முன்பாய் ஏற்றப்படுகின்றது. அக்கயிறு தளர்ந்தால் காற்றொதுக்குப் பக்கமாக வளையும். பாய் பை போலாகி, படகு காற்றை எதிர்த்து நெருங்கிச் செல்லும் ஆற்றலை இழக்கும். அளவு மீறி இறுக்கினாலோ, பாய்மரம் கீழ்நோக்கி அழுத்தப்பட்டுச் சட்டங்கள் வருந்தும்; மென்காற்றிற் பாயும் தட்டையாகி வலுவிழக்கும். எனவே வன்காற்றுக்கு இறுக்கமும் மென்காற்றுக்குச் சிறிது தளர்ச்சியும் வேண்டப்படுகின்றன. பாயின் கீழ்மூலையை இழுக்கும் கயிற்றின் பிடிப்பிடத்தை முன்னே நகர்த்தினால் பாயின் மேற்பகுதி இறுகும். பின்னே நகர்த்தினால் திறக்கும். பாயில் ஒட்டிய நூலிழைகளின் அசைவே இதற்கு வழிகாட்டி. காற்றுவரும் பக்கத்து மேலிழை முதலிற் படபடத்தால், பிடிப்பிடத்தை முன்னே கொண்டுவர வேண்டும்.

நார்க்கயிறு வழங்கிய பழைய கப்பல்களில் இப்பணி மேலும் கடினமானது. நனைந்த நார்க்கயிறு பருத்து நீளங்குறையும், உலர்ந்தபின் தளரும். மழைக்குத் தளர்த்தியும் வெயிலுக்கு இறுக்கியும் கடலோடிகள் இரவு பகலாகக் கயிறுகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை செய்து முடித்த பொருளன்று இழுவிசை. உழைப்பினால் இடையறாது பேணப்படும் ஒரு சமநிலை அது. கப்பலை வாங்கியவருக்கு மரமும் பாயும் சொந்தமாயின. அச்சமநிலையைக் காத்த அறிவு உழைப்பவர் கையிலேயே இருந்தது.

அவ்வறிவு எழுத்தில் அன்றித் தொழிற்சொற்களிலும் கைப்பழக்கத்திலுமே வாழ்ந்தது. பாய்க்கப்பல் வணிகம் மறைந்தபோது அதன் சூழலும் மறைந்தது. தண்டையலின் கட்டளைச் சொற்களையும் கயிறுகளின் பெயர்களையும் தொகுத்தல் வெறும் அகராதிப் பணியன்று. வரலாற்றில் இடம் மறுக்கப்பட்ட உழைப்பாளரின் சிந்தனையை மீட்கும் பணியுமாகும்.