மவுஸ் கையில், கணினிக்கு மட்டும் தெரியவில்லை: ஏன்?

வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரியில் மனு தட்டச்சு செய்து தரும் கடையொன்றில் வயர்லெஸ் மவுஸ் மக்கர் செய்தால் வரிசை அப்படியே நின்றுவிடும். உடனே எல்லாரும் மவுஸைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். பல நேரம் அது குற்றவாளியே அல்ல.

ரிசீவருடன் வரும் மவுஸைக் கணினிக்கு நேரடியாகத் தெரியாது. யூஎஸ்பி போர்ட்டில் செருகிய நகமளவு ரிசீவரைத்தான் அது அறியும். ஆகவே இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்து, ரிசீவரைப் பிடுங்கிச் செருகிப் பார்க்க வேண்டும். பட்டியல் அசையவில்லையா? கோளாறு பெரும்பாலும் போர்ட்டிலோ ரிசீவரிலோதான். வேறு போர்ட்டுக்கு மாற்றலாம். அசைந்தால், பேட்டரியையும் மவுஸின் அடிப்புற ஸ்விட்சையும் சோதிக்கலாம். ரிசீவர் வேறொரு மவுஸுடையதாக இருந்தாலும் பயனில்லை. தன்னோடு ஜோடி சேர்ந்த மவுஸுக்கு மட்டுமே அது காது கொடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்கிறதா? இத்தகைய மவுஸ்கள் பெரும்பாலும் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையும் புளூடூத்தும் நெருக்கியடிக்கும் இடம் அது. யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யும்போது அங்கேயே இரைச்சலைக் கசியவிடும் என்பதை இன்டெல் 2012இல் அறிக்கையாகவே வெளியிட்டது. டிஸ்க்குக்குப் பக்கத்து போர்ட்டில் ரிசீவர் இருந்தால், சந்தை இரைச்சலில் கிசுகிசுக்கும் கதைதான். சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் போதும்.

வேலூர் தோல் தொழில் வட்டாரமாயிற்றே, இன்னொன்று: கண்ணாடிபோல் பளபளக்கும் தோல் துண்டை மவுஸ் பேடாக்கினால், இணைப்பு சரியாக இருந்தும் அம்புக்குறி துள்ளக்கூடும். அதற்கு வெறும் காகிதமே மேல்.