பரணில் இருக்கும் படக்குழாய்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற குரல் சேலம், நாமக்கல் தெருக்களில் இப்போது அரிதாகிவிட்டது. அதற்குப் பதில் குட்டியானை வண்டி வருகிறது. முன்பக்கம் கட்டிய ஒலிபெருக்கி பழைய டி.வி., மிக்சி, கிரைண்டர், கம்ப்யூட்டர், பேட்டரி என்று பதிவு செய்த குரலில் அடுக்கிக்கொண்டே போகிறது. அன்று போட்ட பித்தளைக் குடத்தில் இருந்தது செம்பும் துத்தநாகமும். உருக்கினால் மறுபடியும் பித்தளை. இன்று ஏற்றிவிடும் பெட்டிக்குள் பல உலோகங்களும் பல வகைப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கின்றன. அதில் காசாகிற பகுதி கொஞ்சம்தான்.

2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொடுத்தது. 14 அங்குலத் திரை, பின்பக்கம் புடைத்த படக்குழாய். ராசிபுரம், சேந்தமங்கலம், ஓமலூர், சங்ககிரி என்று எந்தப் பக்கம் போனாலும் ரேஷன் கார்டு உள்ள வீடுகளில் அந்தப் பெட்டி இருந்தது. எத்தனையோ கூலி வீடுகளில் முதன்முதலாக வண்ணப் படம் ஓடியது அதில்தான். அதனால் அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தட்டைத் திரை வந்ததும் பெட்டி கூடத்திலிருந்து மூலைக்கும், மூலையிலிருந்து பரணுக்கும் போனது. இப்போது பரணிலிருந்து குட்டியானைக்குப் போகிறது. 2011-க்குப் பிறகு வந்த இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர் மடிக்கணினி எல்லாம் அதே வழியில் வரிசையில் நிற்கின்றன.

படக்குழாய் என்பது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடம். கழுத்துப் பக்கத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் இருபதாயிரம் வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தில் பாய்ந்து திரையின் உட்பூச்சில் மோதும். மோதிய இடம் ஒளிரும். அந்த மோதலில் கொஞ்சம் எக்ஸ் கதிரும் பிறக்கும். அது பார்ப்பவர் மேல் படாமல் தடுக்கத்தான் கண்ணாடியில் காரீயம் கலந்தார்கள். திரைக்குப் பின்னால் புனல் போல இருக்கும் பகுதியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரீய ஆக்சைடு இருக்கிறது. ஒரு சின்னப் பெட்டியிலேயே சில நூறு கிராம் தேறும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பயன்படுத்துவது வெள்ளீயம். அதனால் கெடுதல் இல்லை. காரீயம் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகளின் இரத்தத்தில் இந்த அளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கண்ணாடிக்குள் பூட்டியிருக்கும் வரை அந்தக் காரீயம் யாரையும் ஒன்றும் செய்யாது. உடைத்தால்தான் வினை. பழைய இரும்புக் கடைக்காரருக்கு வேண்டியது கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருள், குழாயைச் சுற்றி ஓடும் இன்னொரு செம்புக் கம்பி, வயர், போர்டு, கொஞ்சம் இரும்பு. இதை எடுக்கக் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். மிஞ்சும் கண்ணாடியை வாங்க ஆள் இல்லை. முன்பு அதை உருக்கிப் புதுப் படக்குழாய் செய்தார்கள்; படக்குழாய்த் தொழிலே முடிந்துபோனதால் அந்த உலைகளும் அணைந்துவிட்டன. ஆகவே அது ஏரிக்கரைக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் சாலையோரப் பள்ளத்துக்கும் போகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில், குப்பைமேட்டில் ஊறும் புளித்த நீரைப் போன்ற ஒரு கரைசலில் இந்தக் கண்ணாடித் தூளை இட்டுப் பார்த்தார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் காரீயம் என்பது அங்கே அபாயக் கழிவுக்கான எல்லை. வண்ணப் படக்குழாய்கள் சராசரியிலேயே அதைப் பல மடங்கு தாண்டின. நம் குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

நிலத்தடி நீருக்கு உடனே கேடு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. காரீயம் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. முதலில் அடிபடுவது அந்த மண்ணில் விளையாடும் குழந்தை. மண்ணைக் கிளறும் கோழி. ஆனால் அமிலக் கழிவும் அதே இடத்தில் கொட்டப்பட்டால் கதை வேறு. நம் சமவெளிக்கு அடியில் இருப்பது மணல் அல்ல, பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஊர் ஊராகப் போய் ஆழ்துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் இதை நன்றாகச் சொல்வார்கள்: ஒரு இடத்தில் வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், நாலடி தள்ளினால் புழுதி. அந்த வெடிப்புகளில் அழுக்கு இறங்கினால் வடிகட்ட மண்படுகை கிடையாது. எந்தக் கிணற்றில் போய் எழும் என்பதையும் முன்கூட்டிக் கணிப்பது கடினம்.

வயரின் கதை இன்னும் மோசம். உறையை உரித்துச் செம்பை எடுக்க நேரமாகும். கொளுத்தினால் பத்து நிமிடம். உறை பி.வி.சி., அதில் பாதிக்கு மேல் குளோரின். பி.வி.சி. எரியும்போது, ஏறத்தாழ 250 முதல் 450 டிகிரி வரையிலான சூட்டில், கரியும் குளோரினும் கூடி டையாக்சின் என்ற நச்சுக் குடும்பம் உருவாகிறது. அந்த வேதிவினையைத் தூண்டிவிடும் ஊக்கி வேறெதுவுமல்ல, செம்பேதான். செம்புக் கம்பியின் மேல் பி.வி.சி.யை வைத்து அரைகுறைச் சூட்டில் எரிப்பது, டையாக்சின் தயாரிக்க யாராவது திட்டமிட்டுச் செய்ததைப் போன்ற ஏற்பாடு.

டையாக்சின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் தங்கும். சாம்பல் படிந்த மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டை மஞ்சளில் போய்ச் சேரும். கானா நாட்டின் அக்ராவில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் பல ஆண்டுகள் மின்னணுக் குப்பையை எரித்தார்கள். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2019-ல் வெளியான ஆய்வறிக்கை, ஒரு முட்டை தின்றால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த ஒருநாள் அளவைப்போல் 220 மடங்கு டையாக்சின் உடலுக்குள் போகும் என்றது. முட்டையால் பெயர் பெற்ற நாமக்கல்லில் இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் பண்ணைக் கோழிகள் கூண்டில் தீவனம் தின்று வளர்பவை, மண்ணைத் தொடுவதில்லை. இந்த ஆபத்தை அவற்றின் தலையில் கட்டக் கூடாது. கவலை, வயர் கொளுத்தும் பொட்டலுக்குப் பக்கத்து வீட்டு நாட்டுக்கோழியைப் பற்றியது. அந்த முட்டையைத்தான் சத்து என்று பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் மூடர்கள் அல்ல. கழிவிலிருந்து உலோகம் எடுப்பது சேலத்துக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறிய மாட்டார்கள். அதிலிருந்தும் வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். அதே கைத்திறன் போர்டின் பக்கம் திரும்புவது இயல்பு. செல்போன் போர்டுகளை ஒரு டன் சேர்த்தால் 200 கிராமுக்கு மேல் தங்கம் கிடைக்கலாம். சுரங்கத் தாதுவில் டன்னுக்குச் சில கிராம் இருந்தாலே நல்ல தாது என்பார்கள். ஆசை நியாயமானது. வழிதான் தவறு. திறந்த வாளியில் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகத்தை ஊற்றினால் தங்கம் கரையும்; பழுப்புப் புகை நுரையீரலுக்குள் போகும்; தங்கம் எடுத்த பிறகு செம்பும் காரீயமும் கலந்த அமிலம் சாக்கடைக்குப் போகும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் நுழைந்து நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு, சாயமும் சாக்கடையும் சுமந்து ஏற்கெனவே ஆறு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1982-ல் அமைக்கப்பட்டது; தலைமையகம் சென்னை கிண்டியில். நம் பகுதியில் அதன் முகம், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். சேலத்திலும் நாமக்கல்லிலும் இருப்பது போதாதென்று குமாரபாளையத்துக்குத் தனி அலுவலகம் உண்டு. காரணம் சாயப்பட்டறைகள். அனுமதியில்லாத பட்டறையைக் கண்டுபிடித்து மூடச் சொல்வதும் மின் இணைப்பைத் துண்டிப்பதும், பள்ளிபாளையம், குமாரபாளையம் செய்திகளில் நாம் அடிக்கடி படிப்பவை. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33-ஏ பிரிவும் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31-ஏ பிரிவும் வாரியத்துக்குக் கொடுத்த மிகக் கூர்மையான ஆயுதம் இந்தக் கரண்ட் துண்டிப்புதான். மோட்டார் ஓடாவிட்டால் சாயப்பட்டறை நின்றுவிடும். வயர் கொளுத்த ஒரு தீக்குச்சி போதும். வாரியத்தின் பலமான கை எட்டாத இடத்தில் இந்தத் தொழில் நடக்கிறது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு 2010-லேயே மின்னணுக் கழிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மத்திய அரசின் முதல் விதிகள் 2012 மே மாதமும், திருத்திய விதிகள் 2016 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. இப்போது இருப்பவை 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பவை. அதுவரை 21 வகைப் பொருள்களே பட்டியலில் இருந்தன; இப்போது 106. பொருளைத் தயாரித்து விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பதுதான் அடிப்படை. ஆனால் அவர் பெட்டியைத் தேடி ஊர் ஊராக வர வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை எவ்வளவு உலோகம் மீட்டதோ அவ்வளவுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாகும்; அதைத் தயாரிப்பாளர் விலைக்கு வாங்கித் தன் இலக்கைக் காட்டலாம். மாநில வாரியத்தின் வேலை ஆலைகளுக்கு இசைவு தருவது, திடீர் ஆய்வு செய்வது, கழிவின் அளவைக் கணக்கெடுப்பது, மீறினால் இழப்பீடு வசூலிக்க வழி செய்வது.

சான்றிதழ் முறையில் கணக்கில் வந்த உலோகங்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. காரீயக் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. கடைக்காரர் படக்குழாயின் கழுத்தைத் தட்டிச் செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை எறிகிறார். சட்டத்தின் பணமும் செம்பின் பின்னால்தான் போகிறது. நஞ்சு எங்கே இருக்கிறதோ அங்கே காசு இல்லை.

இன்னொரு மாற்றமும் சரியல்ல. 2016 விதிகளில் சேகரிப்பு மையத்துக்கும் பிரித்தெடுப்பவருக்கும் தனி இடம் இருந்தது. பிரித்தெடுப்பவருக்கு வாரியம் அனுமதி கொடுத்துக் கண்காணித்தது. புதிய விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் உற்பத்தியாளர், தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் மட்டுமே. நடுவில் இருப்பவர்கள் காணாமல் போனார்கள். தமிழ்நாட்டின் பதிவு பெற்ற ஆலைகளில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றி இருக்கின்றன. சேந்தமங்கலத்துப் பரணுக்கும் அந்த ஆலைக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தில் நடப்பதைச் செய்கிறவர்கள் குட்டியானைக்காரரும் பழைய இரும்புக் கடைக்காரரும். அவர்களைப் பதிவேட்டில் ஏற்றாமல் என்ன கண்காணிப்பு?

ஆலை வாசலில் மட்டும் காவல் நின்றாலும் போதாது. பிளாஸ்டிக் கழிவுக்கு இதே போன்ற சான்றிதழ் முறை இருக்கிறது. அதில் நான்கு மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்ததை 2023-ல் மத்திய வாரியத்தின் தணிக்கையே கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது பாராட்டத்தக்கது, திடீர் ஆய்வு எவ்வளவு அவசியம் என்பதற்கும் அதுவே சாட்சி.

கண்ணாடிக்குக் காசு கொடுக்க வழியே இல்லையா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2003-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2005 முதல் புதுத் திரை வாங்குகிறவர் கடையிலேயே ஒரு சிறு கட்டணம் கட்டுகிறார். பழைய திரையைச் சேகரித்து ஒழுங்காகப் பிரிப்பவருக்கு அந்த நிதியிலிருந்து எடைக்கு இவ்வளவு என்று மாநிலம் கொடுக்கிறது. படக்குழாயும் அதில் அடக்கம். அதே நாட்டின் ஒஹையோ மாநிலத்தில், மறுசுழற்சி செய்கிறோம் என்று படக்குழாய்க் கண்ணாடியை வாங்கிக் குவித்த ஒரு நிறுவனம், கொலம்பஸ் நகரக் கிடங்குகளில் பல்லாயிரம் டன்னை அப்படியே விட்டுவிட்டுப் போனதும் நடந்தது. நிதி வேண்டும், கிடங்குக் கதவைத் திறந்து பார்க்கும் அதிகாரியும் வேண்டும்.

நம் ஊரில் இதற்குப் புதுத் துறை எதுவும் தேவையில்லை. அரசே வாங்கிக் கொடுத்த பெட்டிகள். எந்தக் கார்டுக்குக் கொடுத்தது என்ற பதிவுகூட அரசிடம் இருந்தது. ஊராட்சிக்கு ஒரு நாள் குறித்து, உடைக்காத பெட்டிக்கு ஒரு விலை வைத்து, பழைய இரும்புக் கடைக்காரர்களையே சேகரிப்பாளர்களாக மாவட்ட அலுவலகத்தில் பதிய வைக்கலாம். வயர் உரிக்கும் சின்ன இயந்திரம் வாங்கக் கடனுதவி கிடைத்தால் கொளுத்த வேண்டிய தேவையே இருக்காது. உரித்த செம்புக்கு எரித்த செம்பைவிட நல்ல விலை என்பதும் கடைக்காரர்களுக்குத் தெரியும். பேட்டரிக்கு இதில் பாதி ஏற்கெனவே நடக்கிறது. புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்து விலையைக் கழிக்காத லாரிக்காரர் நாமக்கல்லில் உண்டா?

அதுவரை பரணில் உள்ள பெட்டியை அங்கேயே விட்டுவைக்கலாம். கீழே இறக்கினாலும் குட்டியானைக்குப் போட வேண்டாம். முழுப் பெட்டியாக வாங்கிக்கொள்ளும் பதிவு பெற்றவர் யார் என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது விசாரிப்பு. ஓர் ஊராட்சியின் கிராமசபை தீர்மானம் போட்டு எழுத்தில் கேட்டால் அலுவலகம் பதில் எழுத வேண்டியிருக்கும்.