அல்லிக்குழி மலை: கூழாங்கற்கள் கட்டிய குன்று

ஆவடிக்கு மேற்கே, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டியதும் தெரியும் அல்லிக்குழி மலை எந்த இடத்திலும் 400 மீட்டர் உயரத்தைத் தொடுவதில்லை. அருகில் போய்ப் பார்த்தால் மலை முழுக்கக் கூழாங்கற்கள். வடமேற்கில், நகரிப் பக்கத்து மலைகளிலிருந்து நீரோட்டம் உருட்டிவந்த குவார்ட்சைட் கற்கள், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாயின. பிடிமானம் குறைந்த அடுக்குகள் உதிர்ந்த இடங்களில் குகைகள் உண்டாயின. பெரிய குகைகள் கூடியம் கிராமத்தை ஒட்டிய காட்டில் உள்ளன. அவற்றில் ஒன்றில் அம்மன் வழிபாடும் நடக்கிறது.

பாறை உதிர்ந்தால் கற்கள் ஓடைகளில் இறங்கும். கையடக்கமான, உறுதியான, தட்டினால் கூராகச் சிதறும் கல் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் இடத்தை ஆதிமனிதர் விட்டுவிடவில்லை. கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863 செப்டம்பரில் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர்.

அங்கே அடியில் கிடந்த களிமண்ணை, கிரிட்டேசியஸ் காலத்து ‘ஆவடி ஷேல்’ என்றே நெடுங்காலம் கருதினார்கள். மனிதனே தோன்றாத காலத்துப் படிவை யார் தோண்டுவார்? தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 1999 முதல் அகழ்ந்தபோது அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன. அது ஆறு படியவைத்த வண்டல். அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்களின் தேய்வை அளந்து, அந்தக் கைக்கோடரிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தனர். அதே இடத்தின் மேலடுக்குகளில் கைக்கோடரி மறைந்து, சிறு சில்லுகளில் செய்த கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தலைகாட்டுகின்றன என்பது 2018இல் வெளிவந்த முடிவு. இந்தியத் தொல்லியலில் இதைவிடப் பெரிய திருப்பம் அண்மைக் காலத்தில் அரிது.

இன்று மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் பிழைப்பு, மழையையும் ஏரியையும் கிணற்றையும் நம்பிய நெல்லும் நிலக்கடலையும்தான். இருளர் குடியிருப்புகளும் உண்டு. தேன், கிழங்கு, மூலிகை, வயல் எலி என்று புதர்க்காட்டையும் வரப்பையும் நுணுக்கமாக அறிந்தவர்கள் அவர்கள். சொந்த நிலம் பெரும்பாலோருக்கு இல்லாததால் கூலி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறார்கள். மழை ஓடைக்கரையை அரிக்கும்போதெல்லாம் புதிய கருவிகள் வெளியே வருகின்றன. மாநிலத் தொல்லியல் துறை 1985இல் பூண்டியில் அமைத்த அருங்காட்சியகத்தில் இந்தப் பகுதியின் கற்கருவிகளைப் பார்க்கலாம்.