கல்லாவுக்கும் கிடங்குக்கும் ஒரே இணையம்

தென்னூரில் என்னைப் போல் முன்னால் கல்லா, பின்னால் கிடங்கு வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் கவனத்திற்கு: கல்லா மோடத்தின் வைஃபை கிடங்குச் சுவரைத் தாண்டாதபோது இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்குகிறோம். மோடத்திலிருந்து வரும் வயரை அதன் ‘வேன்’ துளையில் செருகினால் இணையம் வரும். ஆனால் கடை இரண்டு வலையமைப்பாகப் பிரிந்துவிடும். கல்லாவில் போட்ட சரக்குச் சீட்டு கிடங்குப் பிரிண்டரில் அச்சாகாது. லோடு வண்டி காத்து நிற்கும்.

ரவுட்டர் செட்டிங்கில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையெனில், மோடம் 192.168.1.1 என்றால், அது பிற கருவிகளுக்கு வழங்காத வேறொரு கடைசி எண்ணை ரவுட்டருக்குக் கொடுத்து, டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். கருவிகளுக்கு எண் வழங்கும் வேலை அது; ஒரு கல்லாவுக்கு இரண்டு கணக்குப்பிள்ளை எதற்கு? அதன்பின் வயரை ‘லேன்’ துளையில் செருகலாம். ரகசியச் சொல்லை வாடிக்கையாளருக்குத் தராதீர்கள். பில் போடும் கணினியும் அதே வலையில்தான் இருக்கிறது.