பூஜ்ஜியமும் வெற்றிடமும்

குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஊட்டியின் வெப்பநிலையைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்று செய்தேன். தகவல் வராவிட்டால் 15 என்று காட்டும்படி டீஃபால்ட் மதிப்பு கொடுத்திருந்தேன். உறைபனி விழுந்த காலையிலும் 15 என்றே காட்டியது. ஏன்?"

அவர் எழுதிய வரி இது: வெப்பம் || 15. (ஜாவாஸ்கிரிப்டில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) இரட்டைக் கோட்டின் இடப்பக்கம் 'பொய்' வகையில் சேரும் எது வந்தாலும் கணினி வலப்பக்க மதிப்பை எடுத்துக்கொள்ளும். மதிப்பே இல்லாத மாறி அந்த வகை. 0-வும் அதே வகை. இதில் விசித்திரம் என்னவென்றால், 1 டிகிரியைச் சரியாகக் காட்டும், மைனஸ் 1-ஐயும் சரியாகக் காட்டும். 0 வரும்போது மட்டும் 15-க்குத் தாவும். சென்னையில் எத்தனை வருஷம் ஓடினாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் ஒரு ஜனவரி போதும்.

பூஜ்ஜியமும் வெற்றிடமும் வேறு என்பது தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையான என் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். செடிகளைக் கவாத்து வெட்டும் நாளில் பறித்த கொழுந்து 0 கிலோ; ஆனால் ஆள் வேலைக்கு வந்தவர், கூலி உண்டு. கட்டம் காலியாக இருந்தால்தான் ஆள் வரவில்லை என்று பொருள். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் இரண்டையும் ஒன்றாக்கினால் ஒருவருடைய கூலி போய்விடும்.

தீர்வு சுலபம்: வெப்பம் ?? 15. மதிப்பு உண்மையிலேயே இல்லாதபோது மட்டும் டீஃபால்ட் வரும். 0 அப்படியே நிற்கும். பிஎச்பி 7-இல் இந்தக் குறி 2015-லேயே வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் 2020-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் எழுதிய பழைய வரிகள் இன்னும் எத்தனையோ தளங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. காலியான எழுத்துச்சரத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0 தரும். கருவி பழுதாகி எதுவும் அனுப்பாத நடுப்பகலில் திரையில் உறைபனி விழும்! அதனால் மாற்றுவதற்கு முன்பே காலியா என்று பார்த்துவிட வேண்டும்.

அந்த 15-ஐயே நான் ஏற்கமாட்டேன். உறைபனியிலிருந்து காக்க இளம் தேயிலைச் செடிகளைத் தாகைத் தழை போட்டு மூடுவதா வேண்டாமா என்று ஒரு சிறு விவசாயி இந்தத் திரையைப் பார்த்து முடிவெடுக்கக்கூடும். யாரும் அளக்காத எண்ணை அளந்ததுபோல் அவரிடம் நீட்டுவது தவறு. மதிப்பு வராவிட்டால் 'தகவல் இல்லை' என்று எழுதி, கடைசியாக அளந்த நேரத்தையும் வெப்பத்தையும் கீழே கொடுத்துவிடுங்கள்.