சுதந்திரத்தின் பின் சமத்துவம்: கியூபாவும் யாழ்ப்பாணமும்

ஒரு நாடு அந்நிய ஆட்சியினின்று விடுபடுவதும், அந்நாட்டு மக்கள் தம்முள் சமமாவதும் ஒன்றல்ல. கொக்குவிற் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டவாறே சுருட்டுச் சுற்றிய வழக்கத்தை நாம் அறிவோம். அவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இவ்வழக்கம் நிலவியது. தொழிலால் மாத்திரமன்றி, சமத்துவப் போராட்ட வரலாற்றாலும் இவ்விரு சமூகங்களும் ஒப்புநோக்கத்தக்கவை.

ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கியூப விடுதலைப் படையில் கறுப்பினத்தவர் பெருந்தொகையினராகப் போரிட்டனர். ஆயினும் 1902இல் அமைந்த குடியரசில் அவர்களுக்கு உரிய பங்கு கிட்டவில்லை. இதனால் 1908இல் எவரிஸ்தோ எஸ்தெனோஸ் முதலியோர் நிறத்தவர் சுதந்திரக் கட்சியை நிறுவினர். கியூபர் அனைவரும் ஒரே தேசத்தினர்; எனவே நிறத்தின் பேரால் அணிதிரள்வதே இனவாதம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1910இல் அத்தகைய கட்சிகளைத் தடைசெய்த சட்டத்தை முன்மொழிந்த மொருவா தெல்காதோ தாமே கறுப்பின மரபினர் என்பது கவனிக்கத்தக்கது. 1912இல் அக்கட்சியினர் கிளர்ந்தெழுந்தபோது, இராணுவ அடக்குமுறையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் 1940களில் அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையாக அணிதிரண்டனர். அவர்களை நோக்கி எழுந்த குற்றச்சாட்டும் ஏறத்தாழ அதுவே: தமிழர் ஒற்றுமை குலைகின்றது! 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் தேநீர்க் கடைகளும் ஆலயங்களும் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. 1970இல் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார்.

இரு வரலாறுகளுக்கிடையே வேறுபாடும் உண்டு. கியூபாவிற் சட்டம் ஒடுக்கப்பட்டோரின் அமைப்பைத் தடைசெய்தது. இங்கோ சட்டம் அவர்களது உரிமையை ஏற்றுக்கொண்டது, ஆனால் நடைமுறைப்படுத்தும் சுமையை அவர்கள் தோளிலேயே ஏற்றியது. எனினும் இரண்டிடத்தும் பிரிவினையைத் தோற்றுவித்தது அமைப்பன்று. முன்னரே நிலவிய பிரிவினையே அமைப்பைத் தோற்றுவித்தது. காரணத்தை விட்டு விளைவைக் கண்டிக்கும் ஒற்றுமைக் கோரிக்கை, உள்ள ஏற்றத்தாழ்வைக் காக்கும் கோரிக்கையாகவே முடியும். தேசிய ஒருமைப்பாடு பற்றிப் பேசுவோர் இவ்வரலாற்றை முதலிற் கற்றல் வேண்டும்.