'எனக்கு ஒண்ணும் இல்ல!' - பதற்றத்தை மறைக்கும் கறுப்பினப் பெண்களும் 'சிஸ்டர் சர்க்கிள்' வட்டங்களும்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு ஒரு பட்டம் உண்டு: 'ஸ்ட்ராங் பிளாக் வுமன்'. எதையும் தாங்குவாள், அழமாட்டாள், குடும்பத்தையே தோளில் சுமப்பாள். கேட்கப் பெருமையாத்தான் இருக்கும். ஆனால், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும்போது, 'என்னால முடியல' என்று சொல்லவிடாமல் வாயை அடைப்பதும் அதே பட்டம்தான். ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ் கிஸ்காம்பே 2010-ல் இதற்கு 'சூப்பர்வுமன் ஸ்கீமா' என்று பெயர் வைத்தார். உணர்ச்சியை அடக்குவது, யாரையும் சார்ந்திருக்க மறுப்பது, தன்னைவிட மற்றவர்களைக் கவனிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

சரி, டாக்டரிடம் போகலாமே? அது அவ்வளவு சுலபம் இல்லை. அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் மிகக் குறைவு. பழைய காயமும் இருக்கிறது. டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு, குணமாக்கும் மருந்து வந்த பிறகும் தராமல், அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அந்த அவநம்பிக்கை எளிதில் போகுமா என்ன?

அதென்ன சிஸ்டர் சர்க்கிள்?

ஏற்கெனவே பழகிய பெண்கள், சர்ச்சிலோ சங்கத்திலோ ஒன்றாகக் கூடிப் பேசும் வட்டம். கறுப்பினப் பெண்கள் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது 1896-ல். அந்த மரபின் தொடர்ச்சிதான் இது. இதைப் பதற்றத்துக்கான உதவியாக மாற்றியவர்களில் முக்கியமானவர், ஓஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக உளவியலாளர் ஏஞ்சலா நீல் பார்னெட். பேச்சுவழக்கில் பலர் இதை 'நெர்வ்ஸ்' என்றுதான் சொல்வார்கள். 'ஆங்க்ஸைட்டி' டாக்டர் வார்த்தை. 2003-ல் வந்த இவரது புத்தகத்தின் பெயரிலும் அந்த 'நெர்வ்ஸ்'தான் இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்லி மிரட்டாமல், அவர்கள் வார்த்தையிலேயே ஆரம்பிப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வட்டத்தில் வெறும் புலம்பல் மட்டும் நடப்பதில்லை. பதற்றம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்று விளக்குகிறார்கள். மூச்சுப் பயிற்சி, பயமுறுத்தும் எண்ணத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் எல்லாம் கற்றுத்தரலாம். முக்கியமாக, 'உனக்குமா?' என்ற கேள்வி அங்கே கேட்கும்.

ஒரு சிக்கலும் உண்டு. எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால், பேசியது வெளியே போனால் அவ்வளவுதான். அதனால் ரகசியம் காப்பதை முதல் நாளே பேசி முடிவு செய்வது அவசியம். பேனிக் அட்டாக் அடிக்கடி வந்தாலோ, தூக்கமும் வேலையும் கெட்டாலோ வட்டம் மட்டும் போதாது, சிகிச்சையும் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அமெரிக்காவில் இருப்பவர்கள் எந்த நேரமும் 988-ஐ அழைக்கலாம்.